பன்னிரண்டாம் ரூம் கீரை

வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மணி அடித்துக் கால் மணி நேரம் ஆகியிருக்கும். பன்னிரண்டாம் ரூமுக்குப் பின்னாலிருந்து வேலுத்தாய் மடி நிறையக் கீரையோடு வந்தாள். சேலைக்கு மேல் மாட்டியிருந்த பழைய ஆம்பளைச் சட்டையும் கழுத்தும் அலுமினியப் பவுடர் ஏறி வெள்ளியாய் மினுங்கின. கை மட்டும் சுத்தமாக இருந்தது. பட்டாசு மருந்துக் கையோடு கீரையைத் தொடக்கூடாது என்று குழாயடிக்குப் போய்ச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் பறிக்கப் போயிருக்கிறாள். அப்படிப்பட்ட ஆள் அவள்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஃபோர்மேன் மணிகண்டராஜோடு நின்றுகொண்டிருந்த சங்கிலிமுத்து முதலில் அவளைப் பார்த்தான். பிறகு அவள் மடியைப் பார்த்தான். தொய்யக்கீரை. இளங்கொழுந்தாக, நுனி ஒடித்து ஒடித்துப் பறித்தது. கம்பெனிக்குள் தொய்யக்கீரை இப்படி மண்டிக் கிடப்பது ஒரே இடத்தில்தான். பன்னிரண்டிலிருந்து பதினைந்தாம் ரூம் வரைக்கும் பின்பக்கம், தண்ணீர் தேங்கிக் காய்ந்த பள்ளம். நேற்று சாயந்தரம் நாலரை மணிக்கு அந்தப் பள்ளத்தில்தான் இரண்டு டேங்க் புல் மருந்து அடித்துக் காலி பண்ணியிருந்தான் சங்கிலிமுத்து.

அடித்த மறுநாள் எந்தச் செடியும் வாடாது. இன்னும் நாலைந்து நாளைக்கு அது தன்பாட்டுக்குத் தளதளவென்று நிற்கும். அதற்குப் பிறகுதான் நுனி வெளுத்து, மஞ்சளாகி, வேரோடு சாகும். ஆறு வருஷமாகப் புல் மருந்து அடிக்கிறவனுக்கு அது தெரியும். வேலுத்தாய்க்கு எப்படித் தெரியும்?

"என்னக்கா, கீரை பலமா இருக்கு" என்றான் மணிகண்டராஜ்.

"மாசமா இருக்கிற மகளுக்கு ரத்தம் கம்மின்னுட்டாக சார். ஏழாம் மாசம், ரத்தம் எட்டுதான் இருக்காம். கீரையாக் குடுங்க, பேரீச்சம்பழம் குடுங்கன்னாக. பழத்துக்கு எங்க போக, இதத்தான் ஆஞ்சு போடுறேன்."

"நல்லாப் பறிச்சுக்கோங்க. நாளைக்கி சங்கிலிண்ணே மருந்தடிச்சிட்டா அப்பறம் ஒரு மாசத்துக்குக் கெடைக்காது."

"அதான் சார், நாளைக்கி சனிக்கெழமைன்னுதான் இன்னைக்கே வளைச்சு அள்ளிட்டேன்" என்று சிரித்தாள் வேலுத்தாய். சிரித்துக்கொண்டே சங்கிலிமுத்துவைப் பார்த்தாள். "என்ன சங்கிலி, ஒனக்கும் வேலை மிச்சந்தான?"

சங்கிலிமுத்து வாயைத் திறந்தான். "ம்" என்றான். அவ்வளவுதான் வந்தது.

அவள் மடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வேப்பமரத்தடியில் பெண்கள் தூக்குவாளிகளைத் திறந்துகொண்டிருந்த இடத்துக்குப் போனாள். வயர்கூடைக்குள் செய்தித்தாளை விரித்துக் கீரையை வைப்பதையும், அதன் மேல் ஈரத்துணி போடுவதையும் சங்கிலிமுத்து நின்ற இடத்திலிருந்தே பார்த்தான். மணிகண்டராஜ் திருத்தங்கல் பிரஸ்ஸில் லேபிள் கட்டு தயாராக இருப்பதாக ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். ஒன்றும் காதில் ஏறவில்லை.

சனிக்கிழமை என்பது சும்மா வந்த கணக்கில்லை. பட்டாசுக் கம்பெனியில் புல் என்பது லேசான விஷயமும் இல்லை. ரூமைச் சுற்றிப் புல் நிற்கக்கூடாது, காய்ந்த சருகு கிடக்கவே கூடாது. ஒரு ரூமில் பிடித்தால் அடுத்த ரூமுக்குத் தீயைக் கூட்டிக்கொண்டு போவது அதுதான். ஆய்வுக்கு வருகிற அதிகாரி முதலில் பார்ப்பதும் தரையைத்தான். தீபாவளிக்கு முன்னே பிரச்சினையில்லை, வெயில் காயும். தீபாவளி முடிந்து ஒரு மாதம் கம்பெனியைப் பூட்டிப் போட்டுவிட்டுக் கார்த்திகையில் வந்து திறந்தால், மழை குடித்த கரிசல் மண்ணில் முழங்கால் உயரத்துக்கு நிற்கும். மண்வெட்டி எடுத்துச் செதுக்கவும் முடியாது. இரும்பு கல்லில் பட்டால் பொறி பறக்கும், ரூம் பக்கத்தில் இரும்புக்கே அனுமதி இல்லை. முன்பெல்லாம் இதே வேலுத்தாய் ஐந்தாறு பெண்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு வாரம் பத்து நாள் உட்கார்ந்து கையாலேயே பிடுங்கிப் போடுவாள். அப்புறம் மருந்து வந்தது. பத்து நாள் வேலை ஒரு சாயந்தர வேலையாகிப்போனது. வேலை போன கோபத்தில் ஒரு வருஷம் முழுக்க அவள் சங்கிலிமுத்துவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

முதல் வருஷம் அவனும் ஏதோ வயக்காட்டுக்கு அடிக்கிற மாதிரி நினைத்த நேரத்தில் அடித்தான். வாடைக் காற்று பக்கத்துப் புஞ்சையின் மக்காச்சோளத்தில் அரை ஏக்கரைக் கருக்கிவிட்டது. சோளக்காரர் பெத்தணன் கேட் முன்னால் வந்து மண்ணை வாரித் தூற்றினார். அதற்குப் பிறகுதான் சட்டங்கள் வந்தன. காற்று அசையக்கூடாது. வெளியில் என்றால் பீடிப் புகையை ஊதிக் காற்றைப் பார்த்துவிடலாம், கம்பெனிக்குள் பீடியேது. லேபிள் தாளில் ஒரு கீற்றுக் கிழித்துத் தொங்கவிட்டுப் பார்ப்பான். தாள் ஆடினால் அடிப்பதில்லை. சாரல் பறக்காமல் இருக்க முனையில் பிளாஸ்டிக் தொப்பி மாட்ட வேண்டும். உலர்த்தும் மேடையில் பட்டாசுச் சரக்குக் காயும் நாளில் அடிக்கவே கூடாது, அலுமினியம் கலந்த மருந்தில் ஈரம் பட்டால் தன்னால் சூடேறும், சூடேறினால் என்ன ஆகும் என்று இந்தப் பக்கத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆகவே சனிக்கிழமை, வேன்கள் எல்லாம் கிளம்பிப் போன பிறகு. ஞாயிற்றுக்கிழமை லீவு. திங்கட்கிழமை காலையில் கேட்டில் நின்று, இறங்குகிற ஒவ்வொரு பெண்ணிடமும் எந்தப் பக்கம் அடித்திருக்கிறது என்று சொல்ல வேண்டும். கடைசியாகச் சொன்னதை யாரும் அவனுக்கு விதிக்கவில்லை, அவனே வைத்துக்கொண்டது. அதில் அவனுக்கு உள்ளூர ஒரு பெருமையும் உண்டு.

இந்தச் சனிக்கிழமை சாயந்தரம் நாலு மணிக்கு அவன் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். அருப்புக்கோட்டைக்காரர்கள், நல்ல இடம். புதன்கிழமை ஆய்வு. இந்த வாரம் அடித்தால்தான் கொஞ்சமாவது வாடும், வாடியதைச் செவ்வாய்க்கிழமை மர வாருகோலால் வாரி வெளியில் கொட்டலாம். மணிகண்டராஜிடம் போய் நாள் மாற்றிக் கேட்டிருக்கலாம். கேட்டால் அவன் தரமாட்டான், இல்லையென்றால் வேறு ஆளை விட்டு அடிக்கச் சொல்வான், அந்த வேறு ஆள் நாளைக்கு நிரந்தரமாகிவிடுவான். இப்படியெல்லாம் யோசித்து, நேற்று மேடையிலிருந்து சரக்கை எடுத்து உள்ளே வைத்து, வேன்களும் கிளம்பின பிறகு, வாட்ச்மேன் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து, ஸ்டோர் திறந்திருந்த மத்தியானமே கேனிலிருந்து ஊற்றி எடுத்து வைத்திருந்த மருந்தைச் சத்தமில்லாமல் அடித்து முடித்துவிட்டான். சனிக்கிழமை ஆளில்லாத வேறு பக்கம் பேருக்கு ஒரு டேங்க் அடித்துவிட்டு மூன்று மணிக்கு நழுவிவிடலாம் என்று கணக்கு. வெள்ளிக்கிழமை காலையில் கேட்டில் நின்று சொல்லத்தான் நினைத்தான். சொன்னால் மணிகண்டராஜ் காதுக்குப் போகும். சரி, ஒரு நாள்தானே, யார் அந்தப் பள்ளத்துக்குள் போகப் போகிறார்கள் என்று விட்டுவிட்டான்.

"என்னண்ணே, நான் பாட்டுக்குச் சொல்லிக்கிட்டிருக்கேன்" என்றான் மணிகண்டராஜ். "இப்பவே கெளம்புனாத்தான் நாலு மணிக்குள்ள வந்து சேரலாம். லேபிள் இல்லாம பாக்கிங் நிக்கிது."

"சாப்பிட்டுட்டுக் கெளம்புறேன் சார்."

"வழியில சாப்பிட்டுக்கோங்கண்ணே."

வேப்பமரத்தைத் தாண்டித்தான் கேட்டுக்குப் போக வேண்டும். தாண்டும்போது வேலுத்தாய் சோற்றைப் பிசைந்தபடி யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள். சுற்றிப் பத்துப் பேர். மணிகண்டராஜ் கூடவே கேட் வரைக்கும் வந்தான். சங்கிலிமுத்து கேட்டில் கொடுத்து வைத்திருந்த செல்போனை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மொபட்டை உதைத்தான். திரும்பி வந்து சொல்லிக்கொள்ளலாம். நாலு மணிக்குத்தானே வேன்.

போகிற வழியெல்லாம் அவன் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு போனான். மருந்து காய்ந்திருக்கும். காலையில் பனி இறங்கியது, கழுவியிருக்கும். அவள் நாலு தண்ணீரில் அலசுகிறவள். பெத்தணன் மாடு ஒரு தடவை அடித்த புல்லைத் தின்று ஒன்றும் ஆகவில்லையே. மாட்டை நினைத்ததும் வேறொன்றும் நினைவுக்கு வந்தது. ஏதோ ஒரு புல் மருந்தை ஒரு மடக்குக் குடித்த ஆள் பத்து நாள் பேசிக்கொண்டே இருந்து நுரையீரல் வெந்து செத்ததாக அவன் சொந்தத்திலேயே ஒரு கதை உண்டு. அந்த மருந்துதானா இது? போன வருஷம் வாங்கியது நீல மூடி. இந்த வருஷம் பச்சை மூடி, கடைக்காரர் மாற்றிக் கொடுத்தார். கேனோடு ஒட்டியிருந்த துண்டுப் புத்தகத்தைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் டேங்க் மூடிக்கு வாஷராக மடித்துச் செருகிவிட்டான்.

பிரஸ்ஸில் லேபிள் தயாராகவில்லை. கட்டிங் மிஷினில் கிடக்கிறது, அரை மணி நேரம் என்றார்கள். சங்கிலிமுத்து வாசலில் நின்றான். மை வாடையும் மிஷின் சத்தமும் தலையைக் கிறுகிறுக்க வைத்தன. வேன் டிரைவர் வெள்ளைத்துரையின் நம்பர் அவனிடம் இருந்தது. ஒரு போன் போட்டால் போதும். ஆனால் வெள்ளைத்துரை வாய் இருக்கிறதே, அது வேனை விட வேகமாக ஓடும். 'சங்கிலி மருந்தடிச்ச கீரையாம்' என்று வேனுக்குள் சொன்னால் ஆறு மணிக்குள் மணிகண்டராஜுக்குத் தெரியும், ஏழு மணிக்கு முதலாளிக்குத் தெரியும். நாளை நாலு மணிக்கு அருப்புக்கோட்டைக்காரர்கள் வந்து உட்கார்ந்து, பெண்ணோட அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்பார்கள். நேரில் போய்ச் சொல்லிவிட்டால் அவளோடு முடிந்துவிடும். அக்கா, யாருகிட்டயும் சொல்லாதக்கா என்று காலில் விழுந்தாவது கேட்டுக்கொள்ளலாம். அரை மணி நேரம் ஒன்றரை மணி நேரமாக இழுத்தது.

நாலேகாலுக்கு அதற்கு மேல் தாங்க முடியாமல் போன் போட்டான். இரண்டு தடவை எடுக்கவில்லை. மூன்றாவது தடவை எடுத்த வெள்ளைத்துரை, "வேலுத்தாயா? அது அப்பவே தாயில்பட்டி வெலக்குல எறங்கிருச்சே. இன்னைக்கி நேரத்தோட விட்டுட்டாகள்ல. என்ன விசயம்?" என்றான்.

"ஒண்ணுமில்லப்பா" என்று சொல்லி வைத்துவிட்டான். கட்டு கைக்கு வந்ததும் மொபட்டின் பின்னால் கயிறு போட்டு இறுக்கிக் கிளம்பினான். இருபத்து நாலு கிலோமீட்டர். எதிர்க்காற்று. வெம்பக்கோட்டை ரோட்டில் ஒரு லோடு லாரி முன்னால் போய்க்கொண்டே இருந்தது, முந்தவும் விடவில்லை. அவனுக்கு அழுகை வந்தது. நாற்பத்தெட்டு வயதில் நடுரோட்டில் மொபட்டில் போய்க்கொண்டே அழுதான்.

வேலுத்தாயின் வீடு காலனித் தெருவில் கடைசி. வாசலில் மொபட்டை நிறுத்தும்போதே பருப்பும் பூண்டும் வெந்த வாசம் வந்தது. அவள் மகள் பானுப்பிரியா முன்வாசல் சுவரில் முதுகைச் சாய்த்துக் கால்களை நீட்டி உட்கார்ந்திருந்தாள். வயிறு மேடிட்டிருந்தது. மடிக்குப் பக்கத்தில் தட்டு. தட்டில் சோறு, சோற்றில் பச்சையாகக் கீரைக் கடைசல். கையை நக்கிக்கொண்டிருந்தாள்.

"சாப்பிடாத தாயி" என்று கத்தினான் சங்கிலிமுத்து. "கீழ வச்சிரு. வச்சிரு."

பானுப்பிரியா பயந்துபோய்க் கையை எடுத்தாள். சத்தம் கேட்டு வேலுத்தாய் மத்தோடு வெளியே வந்தாள்.

"என்ன சங்கிலி? என்னாச்சு? கம்பெனியில எதுவும்..." இந்தப் பக்கத்தில் யாராவது அரக்கப் பரக்க வந்து நின்றால் முதலில் கேட்கிற கேள்வி அதுதான்.

"கம்பெனியில ஒண்ணுமில்லக்கா. அந்தக் கீரை. நேத்து சாயந்தரமே அங்கன மருந்தடிச்சிட்டேன்."

"நேத்தா?" அவளுக்குப் புரியவில்லை. "நேத்து வியாழக்கெழமைல்ல?"

"ஆமாக்கா. வியாழக்கெழமைதான் அடிச்சேன். யாருக்கும் தெரியாது."

வேலுத்தாய் மத்தை அப்படியே கீழே போட்டாள். குனிந்து மகளின் தட்டை எடுத்தாள். "எத்தன வாய் தின்ன?"

"நாலஞ்சு வாய் இருக்கும்மா."

"வாயக் கொப்புளி. கையக் கழுவு. போ, நல்லாக் கொப்புளி." மகளைத் தூக்கிவிட்டுத் தண்ணீர்ச் செம்பைக் கொடுத்தாள். அதற்கு அப்புறம்தான் சங்கிலிமுத்து பக்கம் திரும்பினாள். அவள் குரலை உயர்த்தவில்லை. "மத்தியானம் நீ தொட்டிப்பக்கந்தான நின்ன."

அவன் மொபட்டில் கட்டியிருந்த லேபிள் கட்டைப் பார்த்தான்.

"என் மடியப் பாத்த. மூஞ்சியப் பாத்த. ஒனக்கு வேலை மிச்சந்தானன்னு நான் கேட்டதுக்கு ம்முன்ன."

"போர்மேன் நின்னாருக்கா."

"போர்மேன் நின்னாரு" என்று அவள் திருப்பிச் சொன்னாள். ஏதோ கணக்கு சரிதானா என்று பார்க்கிறவள் மாதிரி சொன்னாள். சங்கிலிமுத்துவுக்கு அந்த இடத்திலேயே மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது.

 வேலுத்தாய் செய்தித்தாளில் மிச்சமிருந்த ஆயாத கீரையை அப்படியே சுருட்டிக் கூடையில் வைத்துக்கொண்டாள், கேட்டால் காட்டலாம் என்று. எதிர்வீட்டு ஆட்டோவில் மகளை ஏற்றினாள். சங்கிலிமுத்து மொபட்டில் பின்னாலேயே போனான், லேபிள் கட்டோடு.

ஆஸ்பத்திரியில் இருந்தது சின்ன வயது டாக்டரம்மா. பதறவில்லை. பானுப்பிரியாவின் நாக்கை, தொண்டையைப் பார்த்தார், வயிற்றில் கருவியை வைத்துக் குழந்தையின் துடிப்பைக் கேட்டார். பிறகு சங்கிலிமுத்துவைப் பார்த்து, "என்ன மருந்து?" என்றார்.

"புல்லு மருந்தும்மா."

"புல்லு மருந்துல பல தினுசு இருக்கு. பேரு என்ன?"

"பச்சை மூடி போட்ட கேனும்மா."

"மூடிய வச்சு நான் வைத்தியம் பாக்க முடியாதுல்ல? ஒண்ணு லேசா வயித்தப் பெரட்டிட்டுப் போயிரும். இன்னொண்ணு அப்படி இல்ல, கொஞ்சம் போனாலும் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒடனே ஓடணும். கேன்ல எழுதியிருக்கும், அத எனக்குக் காட்டுங்க. எம்புட்டு சீக்கிரம் முடியுமோ அம்புட்டு சீக்கிரம்."

கேன் கம்பெனி ஸ்டோர் ரூமில் இருக்கிறது. ஸ்டோருக்குச் சாவி ஒன்றுதான், அது மணிகண்டராஜ் இடுப்பில் இருக்கிறது. வேலுத்தாய் பெஞ்சில் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் அவனைப் பார்க்கவில்லை, போன் பண்ணு என்று சொல்லவுமில்லை. சங்கிலிமுத்து வெளியே வந்து செருப்புகள் கிடந்த இடத்தில் நின்று மணிகண்டராஜுக்குப் போன் போட்டான்.

"எங்கண்ணே போனீக? லேபிள் எங்க?"

"சார், நான் சொல்றத மொதல்ல கேளுங்க. நேத்து பன்னெண்டாம் ரூமுக்குப் பின்னால மருந்தடிச்சிட்டேன். வேலுத்தாயக்கா அந்தக் கீரையத்தான் பறிச்சிருக்கு. அது மக சாப்பிட்டிருச்சு. மாசமா இருக்கிற புள்ள. டாக்டரு கேனப் பாக்கணுங்கிறாக."

அந்தப் பக்கம் ஒரு நாற்காலி நகர்ந்தது. பிறகு, "நேத்து மேடையில சரக்குக் காஞ்சுக்கிட்டிருந்துச்சுல்ல" என்றான் மணிகண்டராஜ். குரல் மாறியிருந்தது.

"எடுத்த பெறகுதான் சார் அடிச்சேன்."

"அத யாருண்ணே பாத்தா? ஆளில்லாத நேரத்துல நீங்களா முடிவெடுத்து அடிச்சிருக்கீக. அம்பது பேரு வேலை பாக்குற எடம்." மூச்சு வாங்கினான். "வைங்க. போட்டோ அனுப்புறேன்."

போட்டோ வருவதற்குப் பதினேழு நிமிஷம் ஆனது. சங்கிலிமுத்து போனின் வெளிச்சம் அணையவிடாமல் பெருவிரலால் தடவிக்கொண்டே நின்றான். நாலு பக்கமும் திருப்பித் திருப்பி எடுத்து ஆறு போட்டோ அனுப்பியிருந்தான் மணிகண்டராஜ். டாக்டரம்மா விரலால் பெரிதாக்கிப் படித்தார். படித்து முடித்து நாற்காலியில் சாய்ந்தார்.

"நான் பயந்தது இது இல்ல" என்றார். "அதுக்காக ஒண்ணுமில்லன்னு சொல்ல மாட்டேன். மாசமா இருக்காங்க, ரத்தம் வேற கம்மி. சிவகாசி பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தர்றேன். இன்னைக்கு அங்க வச்சுப் பாக்கட்டும். வாந்தி, வயித்து வலி, புள்ள அசைவு கொறையிறது, எது இருந்தாலும் ஒடனே சொல்லணும்." எழுதிக்கொண்டே தலை நிமிராமல் கேட்டார்: "அடிச்சா ஒரு போர்டு வைக்க மாட்டீங்களா? ஒரு கொடி நட மாட்டீங்களா?"

"திங்கக்கெழம கேட்டுல நின்னு வாயால சொல்லிருவேம்மா" என்றான் சங்கிலிமுத்து. சொல்லும்போதே தன் காதுக்கே அது கேவலமாகக் கேட்டது.

ஆட்டோவில் அவனும் ஏறப்போனான். வேலுத்தாய் குறுக்கே கையை நீட்டினாள். "நீ வர வேண்டாம்" என்றாள். ஆட்டோ போய்விட்டது. அப்புறம் லேபிள் கட்டைக் கொண்டுபோய்க் கம்பெனியில் இறக்கிவிட்டு வீட்டுக்குப் போனான். வீட்டில் அவன் மனைவி ராமுத்தாய் பலகாரத்துக்கு மாவு சலித்துக்கொண்டிருந்தாள். அவன் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, சல்லடையைக் கீழே வைத்துவிட்டு, "அந்தப் புள்ளைக்கி ஒண்ணும் ஆகக்கூடாது" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "நாளைக்கி அவுக வந்து கேட்டா நம்ம என்ன சொல்ல?" என்றும் கேட்டாள். 

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கே கேட்டுக்கு வந்துவிட்டான். மணிகண்டராஜ் அவனுக்கு முன்னாலேயே வந்திருந்தான். கண்கள் சிவந்திருந்தன, அவனும் தூங்கவில்லை போலிருக்கிறது.

"மொதலாளிகிட்டச் சொல்லிட்டேண்ணே. சொல்லாம இருக்க முடியாது. பன்னெண்டு மணிக்கு வருவாரு, வந்து பேசிக்கிறேன்னாரு."

"சரி சார்."

"அதுவரைக்கும் சும்மா நிக்க வேண்டாம். அடிச்ச எடத்துல இருக்கிற கீரை பூராவையும் கையால புடுங்கி ஒரே எடத்துல குமிங்க. வெளிய கொண்டுபோய்க் குழி தோண்டிப் பொதைச்சிரலாம்."

"வேன் வரட்டும் சார். கேட்டுல நின்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போறேன்."

மணிகண்டராஜ் நகர்ந்து வழி விட்டான்.

முதல் வேன் வந்தது. இறங்கியவர்களிடம் சங்கிலிமுத்து சொன்னான். பன்னிரண்டிலிருந்து பதினைந்து வரைக்கும் பின்னால் மருந்தடித்திருக்கிறது, வியாழக்கிழமையே அடித்தேன், நேற்றே சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை, நேற்று யாராவது அங்கே பறித்திருந்தால் தூரப் போடுங்கள் என்றான். ஒவ்வொருத்தரிடமும் முதலிலிருந்து சொன்னான். சிலர் நின்று கேட்டார்கள். சிலர் நேற்றே கேள்விப்பட்டிருந்தார்கள், அவர்கள் அவன் முகத்தைப் பார்க்காமல் தாண்டிப் போனார்கள். வயதான ஒருத்தி மட்டும், "நல்லாச் சொல்ல வந்துட்டயா இப்ப" என்றாள். வேலுத்தாய் வரவில்லை.

பள்ளத்துக்குப் போனான். கம்பெனி கொடுத்த ரப்பர் கையுறை ஒரு வருஷமாக உறை பிரிக்காமல் ஸ்டோரில் கிடந்தது. கேரிபேக்கைக் கையில் சுற்றிக்கொண்டே அத்தனை தடவையும் அடித்திருக்கிறான். இன்றைக்குத்தான் அதைப் பிரித்து மாட்டினான். மழை மண்ணில் செடி லேசாக வந்தது, வேரோடு கரிசலை அள்ளிக்கொண்டு வந்தது. அரை மணி நேரத்தில் இடுப்புப் பிடித்துக்கொண்டது. இதை வேலுத்தாய் பத்து நாள் விடாமல் பிடுங்குவாள், அதுவும் பேசிச் சிரித்துக்கொண்டே பிடுங்குவாள் என்பது நினைவுக்கு வந்தது. குவியல் முழங்கால் உயரம் வந்தபோது பத்து மணி இருக்கும். அந்தப் பக்கம் ரூம் வாசலில் பேச்சுக்குரல் கேட்டது.

"...விடிய விடியப் பாத்தாக. காலையில ஊசி போட்டு அனுப்பிட்டாக. புள்ள துடிப்பு நல்லாருக்காம். திங்கக்கெழம திரும்ப ஸ்கேனுக்கு வரச் சொன்னாக. மருமகன் வந்து கூட இருக்காக, நான் இங்க வந்துட்டேன். வீட்ல ஒக்காந்தா கிறுக்குப் பிடிக்கிது."

வேலுத்தாயின் குரல்தான். சங்கிலிமுத்துவுக்கு முதல் தடவையாக ஆறுதலாக இருந்தது. முழு ஆறுதலில்லை. திங்கட்கிழமை என்கிறாளே.

அவள் ரூமைச் சுற்றிப் பின்பக்கம் வந்தாள். நேற்றைய சேலையே. மேல்சட்டையை இன்னும் மாட்டியிருக்கவில்லை. கையில் வயர்கூடை. குவியலுக்கு இந்தப் பக்கம் நின்றாள். அவன் எழுந்திருக்கலாமா, குந்தியே இருக்கலாமா என்று தெரியாமல் பாதி எழுந்தான்.

"யக்கா" என்றான். "என்னைய என்ன வேணும்னாலும் சொல்லுக்கா."

அவள் கூடையைக் கீழே வைத்தாள். கூடைக்குள்ளிருந்து செய்தித்தாள் சுருட்டை எடுத்தாள். "டாக்டரு கேட்டாக் காட்டணும்னு தூக்கிக்கிட்டே அலைஞ்சேன். அங்கயும் யாரும் கேக்கல" என்றாள். பிரித்துக் குவியலின் மேல் கொட்டினாள். தாளை நாலாக மடித்துத் திரும்பக் கூடைக்குள் வைக்கப் போனவள், என்ன நினைத்தாளோ, அதையும் குவியல் மேலேயே போட்டாள். பிறகு குழாயடிக்குப் போனாள். சோப்பு எடுத்து, முழங்கை வரைக்கும் தேய்த்து, ரொம்ப நேரம் கழுவினாள். கழுவிவிட்டுப் பன்னிரண்டாம் ரூமுக்குள் போய்விட்டாள்.

கேட் பக்கம் கார் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. பன்னிரண்டு மணி என்று சொன்ன முதலாளி முன்னாலேயே வந்துவிட்டார் போலிருக்கிறது. சங்கிலிமுத்து திரும்பிப் பார்க்கவில்லை. அவள் கொட்டிய கீரை குவியல் மேல் கறுத்துச் சுருண்டு கிடந்தது. அதற்கு அந்தப் பக்கம், அவன் இன்னும் பிடுங்காத செடிகள் பதினைந்தாம் ரூம் வரைக்கும் வெயிலில் தளதளவென்று நின்றன, எந்த வீட்டுப் பெண் பார்த்தாலும் குனிந்து நுனி ஒடிக்கத் தோன்றும்படி. அவன் கையுறையை இறுக்கிக்கொண்டு அடுத்த செடியின் தூரைப் பிடித்தான்.